மூன்று நிமிடத்துக்கு நூறு சுற்று

முதல் டர்ன்டேபிள் வாங்கியிருக்கும் இளைய நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பி தங்கைகளுக்கு,

ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் உங்களில் சிலர் கைப்பையில் இசைத்தட்டுகளோடு என் வீட்டுப் படியேறி வருகிறீர்கள். தாத்தா வீட்டுப் பரணில் கிடந்தது, எடைக்குப் போகவிருந்ததைக் கடைசி நேரத்தில் தடுத்து எடுத்தது என்று ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு கதை சொல்கிறீர்கள். இரண்டு பக்கம் கேட்டு முடிந்ததும் ஏறக்குறைய எல்லோரும் ஒரே கேள்விக்கு வந்துவிடுகிறீர்கள்: “அண்ணா, என்னுடைய டர்ன்டேபிளை விற்றுவிட்டு இதைவிடப் பெரிதாக ஒன்று வாங்கிவிடட்டுமா?” வாங்கி ஆறு மாதம்கூட ஆகியிருக்காது.

தனித்தனியாகச் சொல்லிவந்த பதிலை இன்று எல்லோருக்கும் சேர்த்து எழுதுகிறேன். விற்காதீர்கள். இருப்பதை வைத்துக்கொண்டு ஒரு பாகத்தை மாற்றுங்கள். மாற்றியதை நன்றாகக் கேளுங்கள். கேட்டது மனதில் படிந்த பிறகு அடுத்த பாகத்துக்குப் போங்கள். கையில் காசு இல்லாதவருக்குச் சொல்லும் சமாதானமாக இதை எடுத்துக்கொள்ள வேண்டாம். காசு இருந்தாலும் இதுதான் நல்ல வழி என்று நான் நம்புகிறேன். காரணத்தை என் வீட்டுக் கதையிலிருந்தே தொடங்குகிறேன்.

என் டர்ன்டேபிள் அமெரிக்காவிலிருந்து வந்தது. அத்தை மகன் ஊர் திரும்பியபோது பெட்டி படுக்கையோடு கொண்டுவந்து, “உனக்குத்தான் பாட்டுப் பைத்தியம், நீயே வைத்துக்கொள்” என்று கொடுத்தான். பெல்ட்டில் ஓடுவது. அங்கே வீட்டு மின்சாரம் 120 வோல்ட், இங்கே 230. அதற்காக ஒரு ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வாங்கி மாட்டினேன். மோட்டார் சத்தமில்லாமல் ஓடியது. அம்மாவுக்குப் பிடித்த பாடகியின் கச்சேரித் தட்டைப் போட்டு முள்ளை இறக்கினேன். அம்மா சமையலறையிலிருந்து ஈரக்கையோடு வந்து நின்று கேட்டார். “இது அவங்க கொரல் இல்லியே கண்ணு” என்றார்.

அம்மாவின் காது சரியாகத்தான் சொன்னது. ஐந்து கட்டைச் சுருதியில் பாடியவர் என் வீட்டில் மூன்று கட்டையில் பாடிக்கொண்டிருந்தார். டிரான்ஸ்ஃபார்மர் வோல்ட்டைக் குறைக்கும். மின்சாரத்தின் அதிர்வெண்ணை அதனால் மாற்ற முடியாது. அமெரிக்காவில் 60 ஹெர்ட்ஸ், நம்மிடம் 50. பழைய பெல்ட் டர்ன்டேபிள்களில் பெரும்பாலானவற்றில் இருப்பது ஏ.சி. சின்க்ரனஸ் மோட்டார். அதன் வேகத்தை அதிர்வெண்தான் தீர்மானிக்கும். நிமிடத்துக்கு 33⅓ சுற்று ஓட வேண்டிய தட்டு, 28-க்கும் சற்றுக் குறைவாக ஓடியது. ஆறில் ஐந்து பங்கு வேகம் என்றால் சுருதியில் மூன்று அரைச்சுரத்துக்குச் சற்றுக் கூடுதலான இறக்கம்.

“இது இங்கே ஓடாது, விற்றுவிடு” என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். மூடியைக் கழற்றிப் பார்த்தேன். மோட்டாரின் தலையில் ஒரு சின்னப் பித்தளைப் புல்லி. பெல்ட் அந்தப் புல்லியைச் சுற்றி உள்தட்டைத் திருப்புகிறது. மோட்டார் மெதுவாகச் சுற்றினால் புல்லியைப் பெரிதாக்கினால் போதும் அல்லவா? அளந்தேன். விட்டம் 10 மி.மீ. அதை 1.2-ஆல் பெருக்கினால் 12. காகிதத்தில் படம் வரைந்து எடுத்துக்கொண்டு கோவையில் கணபதிப் பக்கம் ஒரு லேத் பட்டறைக்குப் போனேன். பம்ப்செட் உதிரிகளைக் கடைந்துகொண்டிருந்த பெரியவர் அரை மணி நேரத்தில் கடைந்து கொடுத்தார். கூலியாக ஒரு டீக்காசுதான் வாங்கினார்.

வீட்டுக்கு வந்து மாட்டினேன். தட்டின் ஓரத்தில் ஒரு துண்டுக் காகிதத்தை ஒட்டிவைத்துச் சுற்றை எண்ணினேன். 33⅓ சுற்று என்றால் மூன்று நிமிடத்துக்கு மிகச் சரியாக நூறு சுற்று வர வேண்டும். பழைய புல்லியில் 83 வந்தது. புதியதில் 98-ஐத் தாண்டி அரைச் சுற்றில் நின்றது. அம்மாவின் பாடகி இன்னும் முழுதாக வந்து சேரவில்லை.

மறுநாள் திரும்பவும் பட்டறைக்குப் போனேன். பெரியவர் நான் வரைந்த படத்தை ஒரு பார்வை பார்த்தார். “ஏனுங், பெல்ட்டுக்கும் கனம் இருக்குமில்லீங்? அதையுஞ் சேத்தி அளந்தீங்களா?” என்றார். பெல்ட்டின் கனம் 1 மி.மீ. புல்லி 10, பெல்ட் 1, ஆக 11. அதை 1.2-ஆல் பெருக்கினால் 13.2. பெல்ட்டைக் கழித்தால் 12.2. எனக்கு விடுபட்டது 0.2 மி.மீ.; புல்லியைச் சுற்றி ஒரு தாளின் கனம். அந்த ஒரு தாள் கனத்தில்தான் ஒன்றரைச் சுற்று ஒளிந்திருந்தது. இரண்டாவது புல்லியை மாட்டி எண்ணினேன். நூறு. அம்மா பக்கத்தில் மணையைப் போட்டு உட்கார்ந்து ஒரு பக்கம் முழுவதும் கேட்டார்.

அன்று நான் கற்றுக்கொண்டதுதான் இந்த மடலின் சாரம். அந்த டர்ன்டேபிளை விற்று வேறொன்றை வாங்கியிருந்தால் பாட்டு சரியாகக் கேட்டிருக்கும். ஏன் சரியாகக் கேட்கிறது என்பது எனக்குக் கடைசி வரை தெரிந்திருக்காது. ஒரு புல்லியை மாற்றப்போய் மோட்டார், பெல்ட், சுருதி மூன்றுக்கும் உள்ள உறவு கைக்கும் காதுக்கும் சேர்ந்தே பிடிபட்டது. பாகம் பாகமாக மேம்படுத்தும்போது கருவியோடு நம் காதும் ஒரு படி ஏறுகிறது. ஒரே நாளில் எல்லாம் மாறிவிட்டால் காதுக்கு ஏறுவதற்குப் படியே இல்லாமல் போகும்.

உங்களிடம் இருப்பது இந்த வழிக்கு இடம் கொடுக்கும் கருவிதானா என்று முதலில் பாருங்கள். நான்கு அடையாளங்கள் உண்டு. முள்ளைப் பிடித்திருக்கும் கார்ட்ரிட்ஜ், அரை அங்குல இடைவெளியில் இரண்டு திருகாணிகளால் மாட்டப்பட்டிருக்க வேண்டும். உலகத்துக் கார்ட்ரிட்ஜ்களில் மிகப் பெரும்பாலானவை இந்த அளவில் வருவதால்தான் இத்தனை மாற்று வழிகள் நமக்குத் திறக்கின்றன. கார்ட்ரிட்ஜைத் தாங்கும் கையின் பின்னால் முன்னும் பின்னும் நகர்த்தக்கூடிய எடைக்குண்டு இருக்க வேண்டும். இசைத்தட்டைத் தாங்கிச் சுழலும் தட்டைத் தூக்கி எடுக்க முடிய வேண்டும். பெல்ட், முள் ஆகிய இரண்டும் தனியாகக் கடையில் கிடைக்க வேண்டும். சூட்கேஸ் வடிவில் ஸ்பீக்கரோடு சேர்ந்து வரும் மலிவுப் பெட்டிகளில் பெரும்பாலும் இவை இருக்காது. அந்தப் பெட்டி உங்களிடம் இருந்தால் அதற்குச் செலவு செய்ய வேண்டாம். காசைச் சேர்த்துப் பழைய நல்ல டர்ன்டேபிள் ஒன்றைத் தேடுங்கள். விற்றுவிடுங்கள் என்று நான் சொல்லும் ஒரே இடம் இதுதான்.

இனி வரிசைக்கு வருவோம். முதல் படிக்குக் காசே தேவையில்லை.

கொத்தனார் வைத்திருக்கும் ரசமட்டத்தை ஒரு நாளைக்கு இரவல் வாங்குங்கள். தட்டின் மேல் குறுக்கிலும் நெடுக்கிலும் வைத்துப் பாருங்கள். குமிழி நடுவில் நிற்கும்வரை கருவியின் கால்களைச் சரிசெய்யுங்கள். மரமேசை ஆடும், நடந்தால் முள் குதிக்கும். நம் வீடுகளில் சுவரோடு பதித்த கடப்பாக் கல் அலமாரி உண்டே, டர்ன்டேபிளுக்கு அதைவிட நல்ல இருப்பிடம் கடையில் கிடைக்காது. கனமான கல், நடையின் அதிர்வு ஏறாது. ஸ்பீக்கரை மட்டும் அதே கல்லில் வைக்காதீர்கள்.

அடுத்தது, நான் சொன்ன நூறு சுற்றுக் கணக்கு. பிறகு முள்ளின் எடை. பொன் நிறுக்கும் தராசைப் போன்ற சின்ன டிஜிட்டல் தராசு ஒன்று போதும். கார்ட்ரிட்ஜ் செய்தவர் சொல்லும் எடையை வையுங்கள்; இன்றைய கார்ட்ரிட்ஜ்கள் பலவற்றுக்கு அது 2 கிராமை ஒட்டி இருக்கும். எடை குறைந்தால் தட்டுக்கு நல்லது என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. எடை போதாத முள் பள்ளத்தில் ஊன்றி நிற்காமல் துள்ளும். துள்ளும் ஒவ்வொரு முறையும் பள்ளத்தின் சுவரைச் சிதைக்கும்.

அதன்பின் கார்ட்ரிட்ஜின் கோணம். தட்டு வெட்டப்பட்டபோது வெட்டும் ஊசி நேர்கோட்டில் நகர்ந்தது. நம் கையோ ஒரு முளையில் நின்று வில்லாக வளைந்து வருகிறது. அதனால் ஒரு பக்கம் முழுவதிலும் இரண்டே இடங்களில்தான் முள் பள்ளத்துக்கு மிகச் சரியான கோணத்தில் நிற்க முடியும். அந்த இரண்டு இடங்களை எங்கே வைத்தால் மொத்தப் பிழை குறையும் என்று லோஃப்கிரென் 1938-லும் பேர்வால்டு 1941-லும் கணக்குப் போட்டுக் கொடுத்தார்கள். இன்றும் அந்தக் கணக்கு அச்சிட்ட அட்டையை வைத்துத்தான் கார்ட்ரிட்ஜைத் திருப்பி நிறுத்துகிறோம். ஒரு மாலை நேரம் போகும். அந்த மாலைக்குப் பிறகு, பக்கத்தின் கடைசிப் பாட்டைக் கேட்டுப் பாருங்கள்.

துடைப்பதையும் மறவாதீர்கள். வினைல் தட்டுக்கு, காய்ச்சி வடித்த நீரில் சிறிது ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் கலந்து மென்துணியால் துடைக்கலாம். தாத்தா காலத்து 78 சுற்றுத் தட்டுகளில் மட்டும் ஆல்கஹால் ஒரு சொட்டும் படக்கூடாது. அவை அரக்கில் செய்தவை. அரக்கு ஆல்கஹாலில் கரைந்துவிடும். நூறாண்டைத் தாண்டி வந்த குரலை ஒரு துடைப்பில் அழித்துவிடுவோம். அவற்றின் பள்ளமும் அகலமானது, எல்.பி.க்கான முள்ளை அதில் ஓட்டக்கூடாது, 78-க்கென்று தனி முள் வேண்டும்.

இவ்வளவும் செய்த பிறகுதான் பணப்பையைத் திறக்க வேண்டும். திறந்தால் முதலில் வாங்க வேண்டியது முள். இதில் சற்று நின்று பேச விரும்புகிறேன், ஏனென்றால் தட்டின் பள்ளத்தைத் தொடும் பாகம் இது ஒன்றுதான்.

பன்னிரண்டு அங்குலத் தட்டின் வெளியோரத்தில் பள்ளம் விநாடிக்கு அரை மீட்டர் வேகத்தில் முள்ளைக் கடக்கிறது. உள்ளே லேபிளை நெருங்கும்போது சுற்று சிறிதாகிவிடுவதால் அதே சுழற்சியில் விநாடிக்கு 20 சென்டிமீட்டர்தான் கடக்கிறது. இருபது நிமிடப் பக்கம் ஒன்றில் முள் 400 மீட்டருக்கு மேல் நடக்கிறது. 500 மணி நேரத்துக்குக் கணக்கிட்டால் 600 கி.மீ.க்கு மேல். கோவையிலிருந்து சென்னைக்கு உள்ள தூரத்தைவிட அதிகம், அதுவும் முழுக்க உரசிக்கொண்டே. வைரமானாலும் தேயத்தான் செய்யும். வடிவத்தைப் பொறுத்துச் சில நூறு மணி முதல் ஆயிரம் மணி வரைதான் ஒரு முள்ளின் ஆயுள். பழைய டர்ன்டேபிளோடு சேர்ந்து வந்த முள்ளுக்கு வயது யாருக்கும் தெரியாது. எனவே முதல் செலவு அங்கேதான்.

வடிவம் என்றேன். 10,000 ஹெர்ட்ஸ் ஒலியின் ஓர் அலை வெளியோரப் பள்ளத்தில் 50 மைக்ரான் நீளத்துக்கு விரிந்து கிடக்கிறது. உள்ளோரத்தில் அதே அலை 20 மைக்ரானுக்குள் நெருக்கியடித்து நிற்கிறது. நம் தலைமுடியின் கனமே ஏறத்தாழ 70 மைக்ரான். கூம்பு முள்ளின் உருண்டை முனைக்கு ஆரமே 15 மைக்ரானுக்கு மேல் இருக்கும். அந்த நெரிசலுக்குள் அதால் இறங்க முடியாது, மேலோட்டமாகத் தாண்டிப் போகும். நீள்வட்ட முள்ளின் பக்கவாட்டு ஆரம் 8 மைக்ரான் அளவு. மைக்ரோலைன் முள் இன்னும் ஒடுங்கியது. பாட்டின் கடைசியில் “ஸ”, “ஷ” எல்லாம் சீறிக்கொண்டு வந்தால், தட்டு கெட்டுவிட்டது என்று முடிவுகட்டாதீர்கள். பெரும்பாலும் முள் உள்ளே இறங்கவில்லை என்பதுதான் விஷயம். எம்.எஸ். அம்மாவின் விஷ்ணு சகஸ்ரநாமத் தட்டைப் போட்டுப் பாருங்கள். “ஸ”வும் “ஷ”வும் அடுக்கடுக்காக வந்துகொண்டே இருக்கும் தட்டு அது. முள்ளைச் சோதிக்க அதைவிடக் கண்டிப்பான பரீட்சை எனக்குத் தெரியாது.

படிப்படியாக ஏறுபவருக்கென்றே சில கார்ட்ரிட்ஜ்கள் இருக்கின்றன. ஆடியோ-டெக்னிகாவின் வி.எம்.95 வரிசையில் உடல் ஒன்று, அதில் செருகும் முள் ஆறு வகை: கூம்பில் தொடங்கி நீள்வட்டம், மைக்ரோலைன், ஷிபாட்டா, 78-க்கான முள் வரை. இன்று மலிவான முள்ளோடு வாங்கி, அது தேய்ந்ததும் ஒரு படி மேலான முள்ளை விரலால் இழுத்துச் செருகிக்கொள்ளலாம். திருகாணியைத் தொட வேண்டாம், கோணம் மாறாது. டென்மார்க்கின் ஆர்ட்டோஃபான் 2எம் வரிசையிலும் ரெட் கார்ட்ரிட்ஜில் புளூ முள்ளைச் செருகலாம். பழைய கார்ட்ரிட்ஜ் வைத்திருப்பவரும் கவலைப்பட வேண்டாம். ஷூர் கம்பெனி 2018-ல் கார்ட்ரிட்ஜ் தொழிலையே நிறுத்திவிட்டது. ஆனாலும் அதன் கார்ட்ரிட்ஜ்களுக்கு ஜப்பானின் ஜிக்கோ இன்றும் முள் செய்து தருகிறது. 1873-ல் தையல் ஊசி செய்யத் தொடங்கியவர்கள் அவர்கள். துணியில் இறங்கும் ஊசியிலிருந்து பாட்டில் இறங்கும் ஊசிக்கு வந்த கைகள். பிறர் கைவிட்ட கருவிகளை அவர்கள் உயிரோடு வைத்திருக்கிறார்கள் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நெகிழ்கிறது.

முள்ளுக்குப் பிறகு பெல்ட், புல்லி. நம் ஊர் வெயிலில் ரப்பர் தளர்ந்துவிடும், சில சமயம் பிசுபிசுக்கும். ஒரு மாதம் வெளியூர் போவதாக இருந்தால் பெல்ட்டைக் கழற்றி வைத்துவிட்டுப் போங்கள். தளர்ந்த பெல்ட்டைக் கண்டுபிடிக்கக் கருவி எதுவும் வேண்டாம். நாகஸ்வரத் தட்டு ஒன்று போதும். வித்வான் ஒரு சுரத்தில் கார்வை கொடுத்து நிற்கும் இடத்தைக் கவனியுங்கள். சுரம் அசையாமல் நிற்கிறதா, நீரில் விழுந்த நிழலைப் போல மெல்ல நெளிகிறதா? கமகம் வித்வானுடையது, நெளிவு பெல்ட்டுடையது. பாட்டின் அடியில் ஓடும் தம்புராவும் இதைக் காட்டிக்கொடுத்துவிடும். காதால் இந்த இரண்டையும் பிரித்தறியக் கற்றுக்கொண்ட நாள் நீங்கள் ஒரு படி ஏறிவிட்ட நாள்.

அடுத்து பேரிங். தட்டின் நடுத்தண்டு இறங்கி நிற்கும் குழி அது. பழைய எண்ணெயைத் துடைத்து, செய்தவர் சொல்லும் எண்ணெயை இரண்டொரு சொட்டு விடுங்கள். மிருதங்கத்தின் தொப்பி ஒலிக்கும்போது அடியில் ஒரு முனகல் கூடவே கேட்டுக்கொண்டிருந்தால் அது பெரும்பாலும் இங்கிருந்தோ மோட்டாரிலிருந்தோதான் வரும். சில கருவிகளுக்கு மேலான உள்தட்டும் பேரிங்கும் தனியாகக் கிடைக்கின்றன. முள்ளும் வேகமும் சரியான பிறகே அவற்றை யோசியுங்கள்.

ஃபோனோ பிரீஆம்ப் பற்றியும் ஒரு சொல். தட்டை வெட்டும்போது மந்த ஒலிகளைக் குறைத்து, உச்ச ஒலிகளைக் கூட்டித்தான் வெட்டுகிறார்கள். 1954 முதல் ஆர்.ஐ.ஏ.ஏ. என்ற ஒரே அளவுகோல் இதற்கு நிலைத்திருக்கிறது. கார்ட்ரிட்ஜிலிருந்து வரும் நான்கைந்து மில்லிவோல்ட்டை வளர்த்து, அந்தக் கூட்டல் கழித்தலைத் திருப்பிச் செய்வது பிரீஆம்பின் வேலை. “ம்ம்ம்” என்று இரைச்சல் வந்தால் புதிதாக வாங்குவதற்கு முன் எர்த் ஒயர் சரியாக முடுக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

கை கடைசிப் படி. நல்ல கை ஒன்று கருவியின் விலையையே தொட்டுவிடும். கையின் எடையும் கார்ட்ரிட்ஜின் நெகிழ்வும் பொருந்த வேண்டும். இரண்டும் சேர்ந்து ஆடும் இயற்கை அதிர்வு 8 முதல் 12 ஹெர்ட்ஸுக்குள் விழுந்தால் நல்லது. அதற்குக் கீழே போனால் வளைந்த தட்டில் கை தள்ளாடும். மேலே போனால் பாட்டுக்குள்ளேயே நுழைந்துவிடும். பெரும்பாலோர் இந்தப் படிக்கு வரவே தேவையில்லை. உங்கள் கை தளர்வில்லாமல், உராய்வில்லாமல் நகர்கிறதென்றால் அந்தக் காசுக்குத் தட்டுகள் வாங்குங்கள்.

இந்த வழி ஏழைக்கான குறுக்கு வழி என்று யாராவது சொன்னால் ஸ்காட்லாந்தைக் காட்டுங்கள். கிளாஸ்கோவின் லின் கம்பெனி 1970-களின் தொடக்கத்தில் கொண்டுவந்த சோண்டெக் எல்.பி.12 டர்ன்டேபிள் இன்றும் அதே பெயரில் விற்கப்படுகிறது. இத்தனை ஆண்டுகளில் மோட்டாருக்கான மின் அமைப்பு, உள்சட்டகம், கை, பேரிங் என்று ஒவ்வொன்றும் மாறிவிட்டன. ஆனால் புதிய பாகம் எதைச் செய்தாலும் பழைய கருவியில் பொருந்தும்படியே செய்கிறார்கள். 2020-ல் வந்த கரோசல் பேரிங்கை 1970-களில் வாங்கிய கருவியிலும் பொருத்தலாம். அப்பா வாங்கியதை மகள் மேம்படுத்திக் கேட்கும் வீடுகள் உண்டு. இங்கிலாந்தின் ரீகா 1983-ல் கொண்டுவந்த ஆர்.பி.300 கை இன்னொரு சான்று. அலுமினியத்தில் ஒரே வார்ப்பாக வந்த அந்தக் கையை வேறு கம்பெனிகளும் தங்கள் கருவிகளில் பொருத்தின. அதற்கென எடைக்குண்டும் உள் ஒயரும் செய்வதையே தொழிலாகக் கொண்டவர்கள் உருவானார்கள். இவை விலை உயர்ந்தவை, நம்மில் பலரால் வாங்க முடியாதவை. ஆனால் அவற்றுக்குப் பின்னால் இருக்கும் எண்ணம் நம் எல்லோருக்கும் உரியது: நல்ல பொருள் ஒரே நாளில் முடிந்துவிடாது, அது மேலும் வளர இடம் வைத்திருக்கும்.

இவ்வளவு சொன்ன நான் இந்த விதியை ஒருமுறை மீறினேன். விளைவு இன்றும் உறுத்துகிறது. ஒரு பொங்கல் விடுமுறையில் புதிய கார்ட்ரிட்ஜ், கனமான புதிய ரப்பர் விரிப்பு, புதிய பிரீஆம்ப் மூன்றையும் ஒரே நாளில் மாற்றினேன். குரல் மந்தமாகிவிட்டது. மிருதங்க வலந்தலையின் கணீரென்ற நாதம் போர்வைக்குள்ளிருந்து வந்தது. கார்ட்ரிட்ஜ்தான் காரணம் என்று முடிவுசெய்து அதைக் குறைந்த விலைக்கு விற்றேன். மாதங்கள் கழித்து, துடைப்பதற்காக விரிப்பை எடுத்துவிட்டுப் பழையதைப் போட்ட அன்று நாதம் திரும்பி வந்தது. விரிப்பு மூன்று மி.மீ. கூடுதல் கனம். தட்டு அந்த அளவு உயர்ந்தது. உயரத்தைக் கூட்ட வழியில்லாத என் கையின் வால் தாழ்ந்தது. முள் பள்ளத்தில் நிற்கும் சாய்வு முக்கால் பாகை அளவுக்கு மாறிவிட்டது. ஒரு பழியும் இல்லாத கார்ட்ரிட்ஜை நான் வீட்டைவிட்டு அனுப்பிவிட்டேன். ஒவ்வொன்றாக மாற்றியிருந்தால் ஒரே மாலையில் தெரிந்திருக்கும்.

ஆகவே நான் இப்போது கடைப்பிடிக்கும் முறையைச் சொல்கிறேன். மூன்று தட்டுகளைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளுங்கள், உங்களுக்கு மனப்பாடமானவையாக இருக்கட்டும். என்னுடையவை: ஒரு நாகஸ்வரக் கச்சேரி, விஷ்ணு சகஸ்ரநாமம், இளையராஜாவின் பட எல்.பி. ஒன்றில் பக்கத்தின் கடைசியாக வரும் பாட்டு. ஒரு பாகத்தை மாற்றும் முன் மூன்றையும் கேளுங்கள். மாற்றிய அன்று கேளுங்கள். இரண்டு வாரம் வழக்கம்போல் வேறு தட்டுகளைக் கேட்டுவிட்டு மறுபடி இந்த மூன்றையும் போடுங்கள். புதிய பொருள் வந்த மகிழ்ச்சி அதற்குள் அடங்கியிருக்கும். இனிக் காது சொல்வதை நம்பலாம். பள்ளிக்கூட நோட்டு ஒன்றில் தேதி, பாகம், முள்ளின் எடை, கேட்டது ஆகியவற்றை எழுதிவையுங்கள். வித்தியாசம் எதுவும் கேட்கவில்லை என்றால் அதையும் எழுதுங்கள். அது உங்களுக்குப் பணம் மிச்சம் பிடித்துத் தரும்.

கழற்றிய பாகத்தைத் தூக்கி எறியாதீர்கள். ஆயுள் மீதமுள்ள நீள்வட்ட முள், கூம்பு முள்ளோடு கேட்டுக்கொண்டிருக்கும் இன்னொருவருக்கு ஒரு படி மேல். கொடுக்கும் பாகத்தோடு அளவெடுத்த தாளையும் சேர்த்துக் கொடுங்கள். என் வீட்டில் ஒரு பழைய பிஸ்கட் டப்பா இருக்கிறது. அதிலிருந்து உங்களில் இருவருக்கு ஏற்கெனவே பாகம் போயிருக்கிறது. நீங்கள் ஒவ்வொருவரும் அப்படி ஒரு டப்பா வைத்திருந்தால், நம் ஊரில் இந்தக் கருவிகள் எதுவும் எடைக்குப் போகாது.

அந்த டப்பாவின் அடியில் மூன்று பித்தளைப் புல்லிகளில் இரண்டு கிடக்கின்றன: 10 மி.மீ., 12 மி.மீ. மூன்றாவது, 12.2, பல ஆண்டுகளாக மோட்டாரின் தலையிலேயே சுற்றுகிறது. முள் ஐந்தாவது. பெல்ட் எத்தனையாவது என்று நோட்டைப் பார்த்தால்தான் தெரியும். பிரீஆம்ப் இரண்டாவது. பேரிங்கும் கையும் அமெரிக்காவிலிருந்து வந்தவையே. அம்மா இப்போது இல்லை. அவர் உட்கார்ந்து கேட்ட மணை அலமாரிக்குக் கீழே இருக்கிறது. முள் மாற்றும் நாட்களில் அதில் நான் உட்கார்ந்துகொள்கிறேன்.

இன்று இரவு உங்கள் டர்ன்டேபிளின் தட்டோரத்தில் ஒரு துண்டுக் காகிதத்தை ஒட்டுங்கள். கைப்பேசியில் மூன்று நிமிடம் வைத்துவிட்டு எண்ணுங்கள். நூறு வந்தால் அடுத்த படிக்குப் போங்கள். வராவிட்டால் கருவியைக் கைவிட வேண்டாம். பெல்ட்டை அளக்கும்போது அதன் கனத்தையும் சேர்த்து அளந்துகொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை வாருங்கள். பட்டறை இன்னும் அங்கேதான் இருக்கிறது. சேர்ந்து போவோம்.

அன்புடன்,
உங்கள் அண்ணன்,
கோயம்புத்தூர்